260 என்று எழுதிய கழுத்து

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் வலது கை திடீரென்று துவண்டு டபரா கீழே விழுந்தது. பேச்சும் லேசாகக் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதால், மிச்ச டீயையும் விற்றுவிட்டு மதியம்தான் மகனோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயது 62. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, நாற்பது வருட பீடிப் பழக்கம் உண்டு. பக்கவாதம் வருவதற்கு முன் கதவைத் தட்டிவிட்டுப் போகிற ரகம் இது என்று மருத்துவர்களுக்குப் புரிந்துவிட்டது. கழுத்து டாப்ளர், அதாவது ரத்தக்குழாயில் ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள்.

நான் காவிரி டெல்டாவில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் ரேடியாலஜிஸ்ட். படிப்பு முடிந்து அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. வயிறு, கர்ப்பம், தைராய்டு, பித்தப்பைக் கல் என்று தினமும் நாற்பது பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். டாப்ளரும் பார்ப்பேன், ஆனால் வாரத்துக்கு நாலைந்துதான். இவருக்கு மூளைக்குப் போகும் இடது உள் கரோட்டிட் தமனியில் கொழுப்புப் படிவு இருந்தது. அந்த இடத்தில் ரத்தத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 260 செ.மீ. என்று திரை காட்டியது. 230-ஐத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ குறுகல். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடமிருந்து போன். அறுவைக்கு முன் ரத்தக்குழாயைப் படம் பிடிக்க எடுத்த சி.டி. ஆஞ்சியோவில் குறுகல் 60 சதவீதத்தைக்கூடத் தொடவில்லையாம். "ஏம்மா, அந்த 260 எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசி மறந்திருப்பேன்.

70-க்கு மேல் என்றால், அறிகுறி வந்தவருக்கு அறுவை சிகிச்சையால் தெளிவான பலன் உண்டு. 1991-இல் வட அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது அதைத்தான். 50-லிருந்து 69-க்குள் என்றால் பலன் குறைவு, கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். என் 260 அந்தக் கணக்கே இல்லாமல் ஒரு மனிதரை மேஜையில் ஏற்றிப் படுக்க வைத்திருக்கும்.

அன்று மாலை சேமித்து வைத்திருந்த படத்தைத் திறந்தேன். தப்பு கண்ணெதிரே இருந்தது. ஆங்கிள்: 70.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்கேன் மெஷின் ரத்தத்தின் வேகத்தை அளப்பதில்லை. அது அனுப்பும் ஒலி ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை மட்டும்தான் அளக்கிறது. 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி பிராகாவில் சொன்ன அதே விஷயம்தான். ரத்தத்தைப் பற்றி அவர் யோசித்திருக்கவே மாட்டார். மூன்று வருடம் கழித்து நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்பவர் ஓடும் ரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றி ஊதவிட்டு, கீழே நின்றவர்களின் காதால் அதைச் சோதித்துப் பார்த்தார். அந்த மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட வேண்டுமானால், ஒலி போகும் திசைக்கும் ரத்தம் ஓடும் திசைக்கும் நடுவே என்ன கோணம் என்று தெரிய வேண்டும். மெஷினுக்கு அது தெரியாது. ஒரு சின்னக் கோட்டைத் திருப்பித் திருப்பி வைத்து நாம்தான் சொல்கிறோம். நாம் என்ன சொன்னாலும் மெஷின் நம்பிவிடும்.

கோணத்தின் கொசைன் கணக்கில் வருவதால், சின்னக் கோணங்களில் ஐந்து டிகிரி பிசகினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. 60 இருக்க வேண்டிய இடத்தில் 65 என்று வைத்தால் வேகம் சுமார் 18 சதவீதம் கூடிவிடும். 70-ஐ 75 என்று வைத்தால் 32 சதவீதம். அதனால்தான் 60-ஐத் தாண்டாதே என்பது விதி. இது எனக்குத் தெரியாதா? தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் கரோட்டிட் தோலுக்கு இணையாக ஓடும். புரோபை, அதாவது தோல்மேல் வைத்து நகர்த்தும் கருவியை, ஒரு முனையில் அழுத்தி, மறுமுனையைத் தூக்கி, ஒலிக்கற்றையைச் சாய்த்தால்தான் கோணம் கீழே வரும். அந்தக் கழுத்தோ குட்டை, குழாயோ நெளிந்து போகிறது, வெளியே பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். 70-இல் படம் அழகாக வந்தது, விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டிருந்தேன். உள் கரோட்டிட்டின் வேகத்தைக் கீழே உள்ள பொதுக் கரோட்டிட்டின் வேகத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 2002-இல் அமெரிக்க நிபுணர்கள் கூடி எடுத்து, 2003-இல் வெளியிட்ட முடிவின்படி 70 சதவீதக் குறுகல் என்றால் அந்த விகிதம் 4-க்கு மேல் இருக்க வேண்டும், இதயம் ஓய்வெடுக்கும் கட்டத்தின் கடைசியில் உள்ள வேகமும் 100-ஐத் தாண்ட வேண்டும். அவருடைய பொதுக் கரோட்டிட்டில் வேகம் 70. விகிதம் 3.7. ஒரு எண் ஒன்றைச் சொல்ல, இன்னொரு எண் தலையாட்ட மறுத்திருக்கிறது. வகுத்துப் பார்த்திருந்தால் ஒரு சந்தேகமாவது வந்திருக்கும்.

மறுநாள் அவரைக் கூப்பிட்டனுப்பி, காசு வாங்காமல் மறுபடி பார்த்தேன். கோணம் 60, கோடு குழாயின் சுவருக்கு இணையாக, எந்த இடத்து வேகத்தை அளப்பது என்று குறிக்கும் கேட் சரியாகக் குறுகலின் நடுவில். 190 வந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போன வாரம் 260-ன்னு சொன்னாங்களே டாக்டரம்மா, மாத்திரையிலேயே 70 குறைஞ்சிருச்சா?"

சமாளித்திருக்கலாம். என்னவோ வாய் வரவில்லை. "இல்லைங்கய்யா, போன தடவை நான் புரோபைச் சரியான சாய்வில் பிடிக்காததில் தப்பாக வந்துவிட்டது" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சா முக்கால் டீயும் விளிம்பு வரைக்கும் நிக்கும். பார்க்கிறவனுக்கு நிறைஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். கொசைன் பற்றி இதைவிட நல்ல பாடத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

அறுவை வேண்டாம், மாத்திரையும் பீடியை விடுவதுமாகப் பார்க்கலாம் என்று அவரும் நிபுணரும் பேசி முடிவெடுத்தார்கள். நான் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு, சென்னையில் ரத்தக்குழாய் ஸ்கேன் மட்டுமே பார்க்கும் ஒரு மூத்த மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாளே, ரத்த ஓட்டத்துக்கு நிறம் கொடுக்கும் கலர் பட்டனை அணைக்கச் சொன்னார் மேடம். சிவப்பும் நீலமும் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று விழித்தேன். "கறுப்பு வெள்ளையில காரை எலும்பிலேருந்து தாடை வரைக்கும் குறுக்குவாட்டில ஏறு, அப்படியே இறங்கு. நாலு தடவை. படிவு எங்க இருக்கு, எவ்வளவு நீளம், சுவர்ல ஒட்டியிருக்கா ஆடுதான்னு சொல்லு. அப்புறம் கலர் தர்றேன்" என்றார். கலரைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே அது குழாய்ச் சுவரைத் தாண்டி வழிந்து, அடியில் இருக்கும் படிவை மூடிவிடும். நான் எட்டு வருடம் கலரைப் போட்டுவிட்டுத்தான் தேடவே ஆரம்பித்திருக்கிறேன். எத்தனை பேருடைய படிவைச் சாயம் பூசி மறைத்தேனோ தெரியாது.

மூன்றாம் நாள் கண்ணை மூடச் சொன்னார். "கேளு. இது உள் கரோட்டிட்டா, வெளிக் கரோட்டிட்டா?" டாப்ளரில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ரத்தத்தின் வேகமும் நாம் அனுப்பும் ஒலியும் சேரும்போது வரும் மாற்றம் மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்ளேயே விழுகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி, வினாடிக்கு 100 செ.மீ. வேகம், 60 டிகிரி என்றால் சுமார் 3,200 ஹெர்ட்ஸ். அதை அப்படியே ஸ்பீக்கரில் விட்டால் போதும். மூளைக்கு ஒரு நொடியும் ரத்தம் நிற்கக் கூடாது. அதனால் உள் கரோட்டிட் அறாமல், ஊதுலை மாதிரி சீராக ஒலிக்கும். முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகும் வெளிக் கரோட்டிட் வெடுக்கென்று எழுந்து வெடுக்கென்று அடங்கும். சந்தேகமானால் காதுக்கு முன்னால் பொட்டுப் பக்கத்தில் ஓடும் நாடியை விரலால் தட்டினால், வெளிக் கரோட்டிட்டின் வேகத்தைத் திரையில் வரையும் அலையில் அந்தத் தட்டல் பல் பல்லாகத் தெரியும். கழுத்திலேயே கிளை விடுவதும் வெளிக் கரோட்டிட்தான், உள்ளது விடாது. அதுவரை நான் இருக்கும் இடத்தை வைத்துத்தான் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். சிலருக்கு இரண்டும் இடம் மாறிக் கிடக்கும்.

"நார்மலை நல்லாத் தெரியாம நோயாளியைத் தொடாதே" என்பதும் அவர் சொன்னதுதான். ஊர் திரும்பியதும் கணவர், டிரைவர், இரவு டியூட்டி செவிலியர், என் மாமியார் என்று சம்மதித்த கழுத்தையெல்லாம் பார்த்தேன். மாமியாருக்குச் சின்னதாக ஒரு படிவு இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் அப்பளம் பொரிப்பது குறைந்ததற்கு நான்தான் காரணம் என்று இன்னமும் பேச்சு கேட்கிறேன். இதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே, ஓ.பி. முடிந்த பிறகுதான் செய்ய முடியும். நம் நாட்டில் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின்படி ஸ்கேன் மெஷின் பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும், நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சிரமம்தான். ஆனாலும் அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று தெரிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டோம்.

நார்மல் கழுத்துகளைப் பார்க்கப் பார்க்கத்தான் அலை வடிவம் என்பது மொழி என்று பிடிபட்டது. டெல்டாவில் பிறந்தவளுக்கு இது சுலபமாக வந்திருக்க வேண்டும். மதகில் பலகையை இறக்கினால் தண்ணீர் அந்த இடுக்கில் சீறும். சீறுகிற இடம் குறுகல். அதைத் தாண்டியதும் சுழித்து நுரைக்கும். அங்கே திரையில் வரும் அலை கலங்கலாக இருக்கும். ரொம்ப தூரம் தள்ளிக் கடைமடைக்குப் போனால் தண்ணீர் மெல்ல, தயங்கித் தயங்கி, வலுவில்லாமல் வந்து சேரும். கடைமடை வயலில் நின்று பார்த்தே மேலே எங்கோ மடை அடைத்திருக்கிறது என்று என் அப்பா சொல்வார். ரத்தக்குழாயும் அப்படித்தான். கணுக்காலில் அலை மெல்ல ஏறி, உருண்டு, தாழ்வாக இருந்தால், நான் பார்க்காத தொடையிலோ இடுப்பிலோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் லத்தீனில் ஒரு பெயர் உண்டு. நான் மனதுக்குள் கடைமடை அலை என்றுதான் வைத்திருக்கிறேன்.

இது பழகியபின் கால் தமனிகளைப் பார்க்கும் முறையே மாறியது. முன்பெல்லாம் தொடை இடுக்கில் ஆரம்பித்து அங்குலம் அங்குலமாக இறங்குவேன். கணுக்காலுக்கு வரும்போது நோயாளியும் நானும் களைத்திருப்போம். இப்போது முதலில் இடுக்கில் ஒரு அலை, கணுக்காலில் ஒரு அலை. இரண்டும் முன்னே ஒரு பாய்ச்சல், பின்னே ஒரு சின்ன இழுப்பு, மறுபடி முன்னே என்று மூன்று கட்டமாக இருந்தால் நடுவில் பெரிய வில்லங்கம் இருக்க வாய்ப்புக் குறைவு. மேலே நன்றாக இருந்து கீழே கெட்டிருந்தால் நடுவே தேட வேண்டும். ஒரு இடத்தில் வேகம் அதற்குச் சற்று மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கானால் அங்கே பாதிக்கு மேல் குறுகல்.

சர்க்கரைக்காரர்களிடம் மட்டும் ஏமாறக் கூடாது. அவர்களுடைய குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடும். கணுக்காலில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தால் குழாய் நசுங்கவே நசுங்காது. கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 1.4-க்கு மேல் போய்விடும். 0.9-க்குக் கீழே இருந்தால்தான் நோய் என்று படித்தவர்கள், 1.5-ஐப் பார்த்து அருமையான கால் என்று அனுப்பிவிடுவார்கள். பெருவிரல் கறுத்துக்கொண்டிருக்கும்.

சரி, சிரைகளுக்கு வருகிறேன். தமனி, சிரை என்பதெல்லாம் பாடப்புத்தகத்தோடு சரி. எங்கள் ஊரில் எல்லாமே நரம்புதான். "நரம்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க", "நரம்பு சுருட்டிக்கிச்சு", "ஊசி போட நரம்பு கிடைக்கலை". சிரையா, தமனியா, உண்மையிலேயே நரம்பா என்று நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். பேர் குழம்பினால் என்ன ஆகும் என்று சிரிப்பவர்களுக்கு ஒரு சம்பவம்.

தொடையில் ஓடும் பெரிய ஆழ்சிரைக்கு வெகுகாலம் சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் வெயின் என்று பெயர். சூப்பர்ஃபிஷியல் என்றால் மேலோட்டமானது. ஆனால் அது மேலோட்டமானதே இல்லை, ஆழ்சிரை. என் சக மருத்துவர் ஒருவர் அதில் ரத்தக்கட்டி இருப்பதைச் சரியாகக் கண்டுபிடித்து, அந்தப் பழைய பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். இரவு டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் மேலோட்டமான சிரைதானே என்று களிம்பு கொடுத்து அனுப்பப் பார்த்தார். நல்லவேளையாக ஒரு மூத்த செவிலியர் சந்தேகப்பட்டுப் போன் செய்தார். இப்போது அந்தப் பெயரையே கைவிட்டு ஃபெமோரல் வெயின் என்று மட்டும் எழுதச் சொல்கிறார்கள். நான் ஒரு படி மேலே போய், "ஆழ்சிரையில் ரத்தக்கட்டி, சிகிச்சை உடனே தேவை" என்று முதல் வரியிலேயே எழுதுகிறேன். ரிப்போர்ட்டைப் படிக்கப்போகிறவர் இரவு இரண்டு மணிக்குக் கண் எரிச்சலோடு படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

ஆழ்சிரையில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது கேட்க எளிது: குறுக்குவாட்டில் வைத்து அழுத்து, சிரை முழுசாக நசுங்கினால் கட்டி இல்லை. செய்யும்போதுதான் சிக்கல். ஒன்று, பலர் புரோபை வைக்கும்போதே அழுத்தி வைத்துவிடுகிறார்கள். சிரை முன்பே நசுங்கிக் கிடக்கும், இருப்பதே தெரியாது. ஜெல்லின் மேல் புரோப் மிதக்க வேண்டும், அப்புறம்தான் அழுத்தம். இரண்டு, நீளவாட்டில் வைத்து அழுத்தினால் புரோப் வழுக்கிச் சிரையை விட்டு விலகிவிடும். நசுங்கியது மாதிரித் தெரியும். மூன்று, சிலருக்குத் தொடையில் இரண்டு சிரைகள் ஓடும். ஒன்று அருமையாக நசுங்கும், நாமும் நிம்மதியாக அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். கட்டி மற்றதில் இருக்கும். நான் அப்படி ஒன்றை விட்டிருக்கிறேன். கால் வீக்கம் குறையவில்லை என்று நாலு நாளில் அந்த அம்மா திரும்பி வந்ததால் பிடிபட்டது.

பிரசவமாகிப் பத்து நாளான ஒரு பெண்ணின் இடது கால் முழுக்க வீங்கியிருந்தது. தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை எல்லாச் சிரையும் நசுங்கின. பழைய நானாக இருந்தால் கட்டி இல்லை என்று எழுதியிருப்பேன். ஆனால் தொடை இடுக்கில் சிரையின் அலையை வைத்துப் பார்த்தபோது கோடு போட்ட மாதிரி தட்டையாக இருந்தது. சாதாரணமாக மூச்சை இழுக்க இழுக்க அது ஏறி இறங்கும். வலது பக்கத்தில் வைத்தேன், அங்கே மூச்சோடு ஆடியது. இடது பக்கம் மட்டும் வயிற்றின் அசைவு கீழே வந்து சேரவில்லை என்றால், மேலே இடுப்புக்குள் எங்கோ அடைப்பு. வளைந்த புரோபை எடுத்து அடிவயிற்றில் தேடினால் இலியாக் சிரையில் கட்டி. இடது பக்கத்துக்கு இந்த வம்பு அதிகம். வலப்பக்கத் தமனி ஒன்று இடப்பக்கச் சிரையின் மேல் ஏறி, பின்னாலிருக்கும் முதுகெலும்போடு சேர்த்து அதை அமுக்கும். 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் இதை விவரித்தார்கள். அதிலிருந்து காலில் ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கு முன் இரண்டு இடுக்கிலும் அலையைப் பதிவு செய்யாமல் எழுந்ததில்லை.

டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கையில் போடும் ஃபிஸ்டுலாவை அளப்பதுதான் எனக்கு ரொம்ப நாள் தண்ணி காட்டியது. தமனியையும் சிரையையும் இணைத்து வைக்கும் அந்தக் குழாயில் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். ஆறு வாரத்தில் 600 மி.லி. ஓட்டம், 6 மி.மீ. அகலம், தோலிலிருந்து 6 மி.மீ.க்குள் ஆழம் என்று மனப்பாடம் செய்ய வசதியாக ஒரு ஆறுக் கணக்கு உண்டு. என்னுடைய எண் மட்டும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வரும். டயாலிசிஸ் டெக்னீஷியன் மரியாதையாகச் சிரிப்பார்.

காரணத்தைக் கடல்பாசியில் கண்டுபிடித்தேன். நோன்புக் காலத்தில் செய்வார்களே, அதே கடல்பாசிதான். அதைக் காய்ச்சி, கொஞ்சம் இசப்கோல் கலந்து, ஒரு டப்பாவில் ஊற்றி, உறைவதற்கு முன் நடுவில் ஒரு ரப்பர் குழாயை விட்டேன். இசப்கோல் சேர்த்தால் திரையில் சதை மாதிரி சாம்பல் நிறமாகத் தெரியும். சோளமாவு கரைத்த தண்ணீரை உயரத்திலிருந்த வாளியிலிருந்து அந்தக் குழாய் வழியே விட்டேன். மாவுத் துகள்கள் சிவப்பணு வேலையைச் செய்யும். மறுமுனையில் அளவுக் குவளை, கையில் செல்போன் கடிகாரம். ஒரு நிமிடத்தில் குவளையில் விழுந்தது 410 மி.லி. என் கணக்கில் மெஷின் சொன்னது 590.

கோணம் சரிதான், அதில் ஏற்கெனவே சூடு கண்டவள். விட்டத்தில்தான் தப்பு. குழாயின் உள் அகலம் 5 மி.மீ.; நான் சுவரின் தடிமனையும் சேர்த்து 6 என்று அளந்திருக்கிறேன். விட்டம் வர்க்கமாகக் கணக்கில் ஏறுவதால் ஒரே ஒரு மில்லிமீட்டர் 44 சதவீதத்தைத் தூக்கிவிட்டது. இந்த விளையாட்டுக்கு எனக்கு ஆன செலவு இருநூறு ரூபாய்க்குள்தான். அப்புறம் விட்டத்தை மட்டும் படத்தைப் பெரிதாக்கி, உள் சுவரிலிருந்து உள் சுவருக்கு, மூன்று தடவை அளக்கிறேன். ஃபிஸ்டுலா சிரை வளைந்தும் புடைத்தும் இருப்பதால், அங்கே அளப்பதை விட்டு, மேலே முழங்கைக்கு அருகில் உருண்டையாக, நேராக ஓடும் பிராக்கியல் தமனியில் அளப்பதற்கு மாறினேன். எண்கள் அடங்கின. டெக்னீஷியன் சிரிப்பதை நிறுத்தினார் என்று சொல்ல ஆசை, ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பவர்.

சிறுநீரகத் தமனி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: வெறும் வயிற்றோடு வரச் சொல்லுங்கள், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், பொறுமை இல்லாத நாளில் அதைத் தொடாதீர்கள்.

முழு அடைப்பு என்று எழுதத்தான் இன்றைக்கும் என் கை தயங்குகிறது. கரோட்டிட் முழுசாக அடைத்துவிட்டால் பொதுவாக அறுவை கிடையாது. மயிரிழை வழியாக ஓட்டம் மிச்சமிருந்தால் யோசிக்க இடமுண்டு. அந்த மயிரிழை ஓட்டம் மிகவும் மெதுவாக இருக்கும்; 260-ஐப் பிடிப்பதற்கென்று அமைத்திருக்கும் மெஷினில் விழவே விழாது. அதனால் ஓட்டம் இல்லை என்று தோன்றினால் முதலில் வேக அளவை இறக்குவேன். மெதுவான ஓட்டத்தை வடிகட்டி எறியும் ஃபில்டரைக் குறைப்பேன். திரும்பி வரும் ஒலியைப் பெருக்கும் கெயினை, இரைச்சல் புள்ளிகள் மணல் மாதிரி திரையில் இறையும் வரை கூட்டி, ஒரு படி குறைப்பேன். மெதுவான ஓட்டத்தையும் பிடிக்கும் பவர் டாப்ளரைப் போடுவேன். புரோபை வேறு பக்கத்திலிருந்து வைப்பேன், ஏனென்றால் செங்குத்தாகப் பட்டால் ஓடுகிற ஆறும் நின்ற மாதிரிதான் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் இல்லையென்றால்கூட, "ஓட்டம் தென்படவில்லை, சி.டி. ஆஞ்சியோவில் உறுதி செய்யவும்" என்றுதான் எழுதுகிறேன். குறுகல் மிக மோசமாகும்போது வேகம் கூடாமல் குறைய ஆரம்பிக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 90 என்ற எண் நார்மலாகவும் இருக்கலாம், கடைசி மூச்சாகவும் இருக்கலாம். படத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. மளிகைக் கணக்கு எழுதும் ரகம். இடது பக்கம் நான் சொன்னது, வலது பக்கம் சி.டி.யோ அறுவை அறையோ சொன்னது, ஓரத்தில் ஏன் பிசகியது. யாரும் நமக்கு அதைக் கொண்டுவந்து தர மாட்டார்கள், சி.டி. அறைக்கும் அறுவை அறைக்கும் நாமே நடந்து போய்க் கேட்க வேண்டும். முதல் சில மாதம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்புறம் அவர்களே போன் செய்து, "இன்னைக்குத் திறந்து பாக்கப்போறோம், வர்றியாம்மா?" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் 60 சதவீதம் என்று எழுதிய ஒரு படிவை வெளியே எடுத்துக் கிண்ணத்தில் வைத்துக் காட்டியபோது, ஏதோ உறவினரை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

ஓரத்தில் அடிக்கடி வரும் வார்த்தை "அவசரம்". அதற்கு அடுத்தது "தோள் வலி". இதைச் சிரிக்காமல் படியுங்கள். கையைத் தூக்கி, மணிக்கட்டை வளைத்து, ஒரு மணி நேரம் கால் டாப்ளர் பார்த்தால் மதியத்துக்குமேல் கை தானாக அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், கோணத்தையும் விட்டுக்கொடுக்கும். நோயாளியை என் பக்கம் நெருங்கிப் படுக்கச் சொல்லவும், முழங்கைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைக்கவும், டாப்ளர் எல்லாவற்றையும் காலையில் போடவும் பழகினேன். நிர்வாகத்தில் ஒரு டாப்ளருக்கு நாற்பது நிமிடம் கேட்டு வாங்க ஆறு மாதம் ஆயிற்று. வயிற்று ஸ்கேனுக்குப் பத்து நிமிடம்தானே என்று கணக்குக் காட்டினார்கள். நோட்டைக் காட்டினேன்.

அந்த 190 வந்து ஆறு மாதம் கழித்து டீக்கடைக்காரர் மறுபரிசோதனைக்கு வந்தார். பீடியை விட்டிருந்தார், மகன் சாட்சி சொன்னான். பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதே கோணம், அதே இடம், அதே கேட். அவரும் என்னோடு சேர்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

198.

"எட்டு கூடிப்போச்சே" என்றார்.

ஒரே கழுத்தை ஒரே கை அடுத்தடுத்து அளந்தாலும் அந்த அளவு முன்னே பின்னே வரும், இது கூடியதாகக் கணக்கில்லை என்று சொன்னேன். நம்பியவராகத் தெரியவில்லை.

"கிளாஸ் நேராத்தானே பிடிச்சீங்க?"

"நேராத்தான்யா பிடிச்சேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, கழுத்து ஜெல்லைத் துடைக்கத் துண்டு கேட்டார்.